இருமாத பிள்ளை

தன்ஷிகா இருமவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து பாயைவிட்டு எழவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. ஊட்டிய கஞ்சி கடைவாயில் வழிந்தது. மூக்கு இரண்டு பக்கமும் விடைத்து விடைத்துச் சுருங்கியது. இவ்வளவுக்கும் ஒரு இருமல் இல்லை, செருமல்கூட இல்லை. வேறொரு காலத்துத் தாயாக இருந்தால் இருமல் இல்லையே என்று நிம்மதிப்பட்டிருப்பாள். அவள் தாய் சரண்யாவால் அப்படி இருக்க முடியவில்லை. பிள்ளைக்கு இருமாமல் இருக்கக் கற்றுக்கொடுத்ததே அவள்தான்.

ஆறு வயதுப் பிள்ளைக்கு அதை எதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அதற்குச் செவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

செவி என்பது ஒரு வெள்ளை மூடி. சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். பனியன் கம்பெனி வாசல், கம்பெனிக் குடியிருப்பு வாசல், பள்ளிக்கூடம், பேருந்து, ரேஷன் கடை என்று திருப்பூரில் தலைக்கு மேல் கூரை இருக்கிற பொது இடமெல்லாம் ஒட்டிவைத்திருந்தார்கள். அது பேச்சைக் கேட்காது, பாட்டைக் கேட்காது, மாமியார் மருமகள் சண்டையைக்கூடக் கேட்காது. இருமலை மட்டும் கேட்கும். ஒரே ஒரு இருமல் போதும், இது சாதாரணச் சளி, இது ஃப்ளூ, இது கக்குவான், இது நிமோனியா, இது டிபி என்று பிரித்துச் சொல்லிவிடும். சளி என்றால் பச்சை விளக்கு: வெந்நீர் குடி, ஓய்வெடு, மாத்திரை வேண்டாம். ஃப்ளூ என்றால் மஞ்சள். மற்றதெல்லாம் சிவப்பு.

நல்லதைச் சொல்லாமல் விடக் கூடாது. செவி வந்த முதல் மழைக்காலத்தில் அந்தக் குடியிருப்பில் ஒரு குழந்தைகூட நிமோனியாவில் சாகவில்லை. ஆயுத பூஜையன்று பெண்கள் ஏணி போட்டு ஏறி அந்த மூடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு வந்தார்கள். கம்பெனிக்காரர்கள் மறுநாள் துடைத்துவிட்டுத் திட்டினார்கள்.

அப்புறம் விஷயம் கப்பல் ஏறிப் போனது. சிவப்பு எரிந்த இடத்தில் தைத்த துணி எங்களுக்கு வேண்டாம் என்று வெளிநாட்டில் பனியன் வாங்குகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். நிமோனியா பனியனில் ஒட்டிக்கொண்டு கடல் தாண்டாது என்று அவர்களுக்கும் தெரியும். தெரிந்து என்ன? கம்பெனி ஒரு விதி போட்டது. ஒரு வீட்டில் யாருக்காவது சிவப்பு எரிந்தால் அந்த வரிசை வீடுகள் எல்லாமே அடைப்பு. விளக்கு அணைகிறவரை யாருக்கும் வேலை இல்லை. நோயாளியை ஊருக்கு வெளியே ஓய்வில்லத்தில் கொண்டுபோய் விடுவார்கள். அங்கே கட்டில், சோறு, மருந்து எல்லாம் நன்றாகவே இருந்தன. திரும்பி வந்த பிறகு வரிசைக்காரர்கள் பார்க்கிற பார்வைக்குத்தான் மருந்து இல்லை. தை மாதம் அப்படித் திரும்பி வந்த ஒரு குடும்பத்துக்குக் குழாயடியில் குடம் வைக்க யாரும் இடம் விடவில்லை. சித்திரைக்குள் அவர்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள்.

ஆகவே ஜனங்கள் இருமலை விழுங்கப் பழகினார்கள்.

கம்பெனிக்குப் பின்புறம் கம்ப்ரசர் ஓடுகிற கொட்டகை ஒன்று உண்டு. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் கேட்காது. கொட்டகைக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு சந்து. காலைச் சங்கு ஊதுவதற்கு முன்னால் ஆணும் பெண்ணும் அங்கே போய், சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து, வயிறு வலிக்க இருமித் தீர்த்துவிட்டு வருவார்கள். பல் துலக்குவதுபோல அதுவும் ஒரு காலைக்கடன் ஆகிவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு துண்டு சித்தரத்தையைக் கடைவாயில் அதக்கினால், வாசல் மூடியின் கீழே சிரித்த முகமாக நடந்து போகலாம்.

சூடான குழாய்கள் இருந்ததால் பிள்ளைகளை அந்தச் சந்துக்குள் விடுவதில்லை. அவர்கள் விழுங்கத்தான் வேண்டும். அதற்கு வாத்தியார் பரமேஸ்வரி அக்கா, சரண்யாவின் அடுத்த வீட்டுக்காரி. கோபிச்செட்டிபாளையம் பக்கம். ஓவர்லாக் மிஷினில் கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம். 'இருமு பாக்கலாம்' என்று ஒரு விளையாட்டை அவள்தான் கண்டுபிடித்தாள். வரமிளகாயைக் கருக்கி, நெடியை முறத்தால் விசிறிவிட்டு, "இருமு கண்ணு. ஒரே ஒருக்கா. வெளையாட்டு இல்ல சாமி, நெசமாலுமே இருமு" என்று கொஞ்சுவாள், கெஞ்சுவாள், அழுவதுபோல நடிப்பாள். கண்ணில் நீர் முட்டினாலும் இருமாத பிள்ளைக்குப் பனங்கற்கண்டு. இருமிய பிள்ளைக்கு மற்றவர்களின் கேலி.

வீட்டில் சரண்யாவும் அதே விளையாட்டை விளையாடினாள். தன்ஷிகா ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. வரிசையிலேயே கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தாள். சரண்யாவுக்கு அதில் பெருமைதான்.

அந்தப் பெருமை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் செத்தது. புருஷன் முனீஸ்வரன் லாரியோடு தூத்துக்குடி போயிருந்தான். சரண்யா சுவரைத் தட்டினாள்.

"அக்கா, பிள்ளைய வந்து பாருங்கக்கா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

பரமேஸ்வரி வந்து பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே சதை உள்வாங்கிக் குழி விழுந்தது. சட்டையை இறக்கிவிட்டாள்.

"தூக்கு அம்மணி" என்றாள். "டாக்டர்கிட்ட போகோணும்."

குடியிருப்பு வாசலை ஒட்டியே மருத்துவ அறை. டாக்டர் கீர்த்திவாசன் இளவயசுக்காரர், அதிர்ந்து பேசாதவர். பிள்ளையைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். விரலில் கிளிப் மாட்டினார். அதில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஆக்சிஜன் மாஸ்க்கை எடுத்து முகத்தில் பொருத்தினார்.

"நிமோனியாங்க. வலது பக்கம் கீழ நல்லாவே கேக்குது."

"அப்ப ஊசி போடுங்க சார்."

டாக்டர் எழுந்துபோய் மருந்துப் பெட்டியின் கைப்பிடியை இழுத்துக் காட்டினார். இரும்புப் பெட்டி அசையவில்லை.

"நான் இழுத்தாத் தொறக்காதுங்க. செவி சொன்னாத்தான் தொறக்கும். ஆம்புலன்ஸும் அப்படித்தான்."

"நீங்க டாக்டர்தான சார்?"

"டாக்டர்தாங்க." அவருக்கு முகம் சிவந்தது. "முன்னாடி எங்க ஆளுங்க சாதாரணச் சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் எழுதித் தள்ளுனாங்க. சளி வைரஸால வர்றது. அந்த மருந்துக்கு அது அசையாது. ஆனா மத்த கிருமிங்க அந்த மருந்தப் பாத்துப் பாத்துப் பழகிடுச்சு. நெஜமாவே நிமோனியா வந்தவங்களுக்குப் போட்டா வேலை செய்யல. அதனாலதான் சாவிய எங்க கையில இருந்து வாங்கி இதுகிட்டக் குடுத்தாங்க. தப்புன்னு சொல்ல முடியல. இதுவரைக்கும் அது கேட்டது எதுவும் தப்பாப் போகல."

"பெரியாஸ்பத்திரிக்கே தூக்கிட்டுப் போயிர்றோம் சார்."

"அங்கயும் வாசல்ல இதே மூடிதாங்க. மேல எழுதிக் கேக்கலாம். நாளைக்குத்தான் பதில் வரும்."

"நாளைக்கு வரைக்கும் தாங்குமா?"

டாக்டர் ஆக்சிஜன் திருகைத் திருகினார். அது ஏற்கெனவே கடைசிவரை திருகியிருந்தது.

"ஒரு இருமல் போதுங்க" என்றார். "எப்படியாவது இருமச் சொல்லுங்க."

சரண்யா குனிந்து பிள்ளையின் காதோரம் வாயை வைத்தாள். "தன்ஷி, இருமுடா தங்கம். அம்மா சொல்றேன்ல. ஒரே ஒரு தடவ இருமிரு."

தன்ஷிகா கண்ணைத் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள். கூரையில் இருந்த வெள்ளை மூடியைப் பார்த்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"வெளையாட்டு இல்ல சாமி" என்றாள் பரமேஸ்வரி. "நெசமாலுமே இருமு கண்ணு."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே உறைத்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். ஒவ்வொரு சொல்லும் அந்த விளையாட்டில் சொன்ன சொல். இனி எந்தச் சொல்லைச் சொல்லி இந்தப் பிள்ளையை நம்பவைப்பது?

இருமல் வரத்தான் செய்தது. மூன்று பேரும் பார்த்தார்கள். சின்னக் கழுத்தில் நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் கோத்தது, தோள் இரண்டும் உயர்ந்தன. பிறகு அது மெல்ல உள்ளே இறங்கியது. மாஸ்க்குக்குள் பிள்ளை சிரித்தாள்.

"நான் இரும மாட்டேனே."

சரண்யா அழுதாள், மிரட்டினாள், கையை ஓங்கவும் செய்தாள். டாக்டர் நாக்கை அழுத்திப் பார்த்தார். குமட்டல் வந்ததே தவிர இருமல் வரவில்லை. உதட்டைச் சுற்றி நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது. டாக்டர் கணினித் திரையில் விதிகளைத் தள்ளித் தள்ளிப் படித்தார்.

"இன்னொரு வழி இருக்கு. வீட்ல யாருக்காவது சிவப்பு வந்தா, கூட இருக்கற குழந்தைக்குச் செவி சொல்லணும்னு இல்ல. பெட்டி தொறக்கும், வண்டியும் வரும்." பெருமூச்சு விட்டார். "ஆனா உங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லையே."

சரண்யாவின் நாக்கு தானாகக் கடைவாய்க்குப் போனது. சித்தரத்தைத் துண்டு அங்கேயே இருந்தது.

ஆடியிலிருந்து அவளுக்கு இருமல். சாயங்காலம் ஆனால் லேசாகக் காய்ச்சல். போன வாரம் சந்துச் சுவரில் துப்பியதில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. வெற்றிலை போடுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. மண்ணை அள்ளிப் பூசி மறைத்துவிட்டு வந்து வேலை பார்த்தாள். ரவிக்கைகள் தொளதொளத்துப் போய், பரமேஸ்வரிதான் எல்லாவற்றையும் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். அவளும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அங்கே மரியாதை.

பரமேஸ்வரி இப்போது அவள் மணிக்கட்டைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"வேண்டாம் அம்மணி. நீ நெனைக்கறது எனக்குத் தெரியுது. உன்னோட போகாது இது. உனக்கு எரிஞ்சா வரிசையில இருக்கற அத்தன பேரையும் நிக்க வெச்சு இரும வெப்பானுக."

"வெக்கட்டுமேக்கா."

"எனக்கும் இருக்குது புள்ள." பரமேஸ்வரி மணிக்கட்டை விடவில்லை. "என்ற மவனுக்கும் இருக்குது. இப்பத்தான் அவனுக்கு வேல நெலச்சுது."

சரண்யாவுக்குப் பயமாக இருந்தது. ஓய்வில்லத்தை நினைத்துப் பயம், குழாயடியை நினைத்துப் பயம், முனீஸ்வரன் முகத்தை நினைத்துப் பயம். எல்லாவற்றையும்விட, பிள்ளைக்குள் இருப்பது தான் கொடுத்ததுதானோ என்ற பயம். ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகப் பின்னால் பல நாள் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

"பிள்ளைக்குக் குழி விழுதுக்கா" என்றாள்.

பரமேஸ்வரி திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். பிடித்திருந்த கை தளர்ந்தது.

சரண்யா சித்தரத்தையைத் துப்பினாள். மூடிக்கு நேர் கீழே போய் நின்று வாயைத் திறந்து இருமினாள். விளக்கு எரியவில்லை. மறுபடி இருமினாள். செவி பேசாமல் இருந்தது.

"அது நெஜ இருமல் இல்லீங்க" என்றார் டாக்டர். "தொண்டையில இருந்து செய்யறீங்க. பொய் இருமல அது கணக்குல எடுக்காது."

எத்தனையோ மாதமாக இராப்பகலாக நெஞ்சை முட்டிக்கொண்டு நின்ற இருமல், வா என்று கூப்பிட்டபோது வரவில்லை. மூடியைக் கண்டதும் தொண்டை தானாகப் பூட்டிக்கொண்டது. கற்றுக்கொடுத்தவளும் நன்றாகத்தான் கற்றிருந்தாள். சரண்யா தன் நெஞ்சில் தானே குத்திக்கொண்டாள். கட்டிலில் பிள்ளை மூச்சோடு சேர்த்து முனகத் தொடங்கியது.

பரமேஸ்வரி அறையைச் சுற்றும் முற்றும் பார்த்தாள். மூலையில் மூச்சுத்திணறலுக்கு மருந்துப் புகை பிடிக்கிற பழைய கருவி ஒன்று இருந்தது. போய் அதன் பொத்தானைத் தட்டினாள். உள்ளே இருந்த சின்ன மோட்டார் கடகடவென்று இரைந்தது.

"இங்க வா அம்மணி." சரண்யாவின் பிடரியைப் பிடித்து நெற்றியைச் சுவரில் சாய்த்தாள். "கண்ண மூடிக்கோ. சந்துல நிக்கறோம். சங்கு ஊதப்போகுது. பக்கத்துல நான் இருக்கறேன். சீக்கிரம் இருமிப்போட்டு வா, போலாம்."

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு சரண்யாவின் முதுகு வளைந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்த இருமல் அவளைச் சுவரோடு சேர்த்து உலுக்கியது. ஒன்று வந்ததும் பின்னாலேயே எல்லாம் வந்தன. ஆடி மாதத்திலிருந்து விழுங்கியது அத்தனையும் வந்தது.

அறை முழுவதும் சிவப்பானது.

மருந்துப் பெட்டி தானாகத் திறந்துகொண்டது. டாக்டர் ஓடினார். ஊசியை எடுத்து வந்து போட்டார். வெளியே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. மாஸ்க் மாட்டிய ஆட்கள் வந்து சரண்யாவைத் தனியாக ஒரு வண்டிக்கு நடத்திக்கொண்டு போனார்கள். பிள்ளையைத் தொட விடவில்லை. ஸ்ட்ரெச்சரில் போன தன்ஷிகா திரும்பிப் பார்த்தாள். அம்மா இருமியதை அவளால் நம்ப முடியவில்லை.

"அம்மா, நீ தோத்துட்ட" என்றாள்.

வாசலில் பரமேஸ்வரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் கூப்பிடாமலே எழுந்து வந்து, மூடிக்குக் கீழே நின்றாள்.

அவள் சொன்னபடியே நடந்தது. வரிசையில் எல்லாரையும் இரும வைத்தார்கள். வீட்டுக்கு வீடு சிவப்பு. அடுத்த வரிசையிலும் சிவப்பு. நோயே இல்லாத ஊர் என்று செவி சொல்லிக்கொண்டிருந்த இடத்தில், ஓய்வில்லத்தில் கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்தார்கள். பரமேஸ்வரிக்குச் சரண்யாவின் பக்கத்துப் பாய் கிடைத்தது. முதல் நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இரண்டாம் நாள் பரமேஸ்வரி, "எத்தன சத்தமா இருமறே புள்ள, தூங்க வுட மாட்டியா" என்றாள். அதற்கப்புறம் பேச்சு நிற்கவில்லை.

தன்ஷிகா பிழைத்தாள். அதைச் சொல்லத்தான் டாக்டர் கீர்த்திவாசன் முதல் வாரம் வந்தார். "அவளுக்கு வந்தது வேறங்க. உங்களோடது இல்ல" என்று அவர் சொன்னபோது சரண்யா பாயில் கவிழ்ந்து அழுதாள்.

மாத்திரை முடிந்து அவளை வீட்டுக்கு அனுப்பியபோது பங்குனி வெயில் ஆரம்பித்திருந்தது. டாக்டரே வந்து குடியிருப்பு வாசல்வரை கூட்டிக்கொண்டு போனார். முகத்தில் ஒரு உற்சாகம் தெரிந்தது.

"பழைய மூடியெல்லாம் கழட்டியாச்சுங்க. உங்க விஷயத்துக்கு அப்புறம்தான் அவங்களுக்கே புரிஞ்சுது. இது புதுச் செவி." வாசல் வளைவில் பொத்தான் அளவுக்கு ஒரு நீல விளக்கைக் காட்டினார். "இனி யாரும் இருமவே வேண்டாம். கீழ நடந்து போறப்ப மூச்சு விட்டாலே போதும். உள்ள என்ன இருக்குன்னு சொல்லிடும். இருமல விழுங்கலாம். மூச்ச விழுங்க முடியாதுல்ல?"

"வரிச அடைப்பு, சார்?"

"அது கம்பெனி விதிங்க" என்றார் டாக்டர். அவர் உற்சாகம் கொஞ்சம் குறைந்தது. "அது அப்படியேதான் இருக்கு."

அவர் விடைபெற்றுப் போனார். சரண்யா வெளியே மரத்தடியில் நின்றாள். பள்ளிக்கூட வேன் வந்து நின்றது. தன்ஷிகா இறங்கினாள். கொஞ்சம் வளர்ந்திருந்தாள், முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் பையை எறிந்துவிட்டு ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சரண்யா குனிந்து அவள் மார்பில் காதை வைத்தாள். மூச்சு சீராகப் போய்வந்தது. உலகத்தில் அதைவிட நல்ல சத்தம் எதுவும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"வா, வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் தன்ஷிகா நின்றாள். கூட வந்த பிள்ளைகளும் நின்றார்கள். எல்லாரும் நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுத்தார்கள். வாயை இறுக மூடினார்கள், கன்னம் உப்பியது. தன்ஷிகா அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டு, ஓடாமல், சிரித்த முகமாக, நீல விளக்கின் கீழே நடந்தாள். விளக்கு ஒன்றும் சொல்லவில்லை. வாசலைத் தாண்டியும் பிள்ளைகள் நிற்கவில்லை. உள்ளே இருந்த வேப்பமரம் வரைக்கும் நடந்தார்கள். கடைசியில் வந்த ஒரு பொடியனின் முகம் கருத்திருந்தது.

மரத்தடியில் தன்ஷிகா புஸ்ஸென்று மூச்சை விட்டாள்.

"பாத்தியாம்மா? நான் விடவே இல்ல."

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்பதுபோல சரண்யா கையை அசைத்தாள்.

"யாரும் இல்ல. நாங்களே கண்டுபிடிச்சோம்." பனங்கற்கண்டுக்காகக் கையை நீட்டினாள்.

சரண்யா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். நெஞ்சு வலித்தது. வாசலிலிருந்து தானும் மூச்சு விடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.